கண்ணை எடுக்காமல் இருப்பதும் ஒரு வேலை!

அமெரிக்காவில் செட்டிலாகிவிட்ட மகனோ மகளோ இருக்கும் வீடா உங்களுடையது? அப்படியானால் இந்த மாதிரி ஒரு டெலிபோன் பேச்சு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். "பையனுக்கு லீவு விட்டாச்சும்மா. கேம்ப்ல லைஃப் கார்டா வேலைக்குப் போறான்" என்று அங்கிருந்து சொல்வார்கள். இங்கே பாட்டிக்குத் தூக்கிவாரிப் போடும். "16 வயசுப் பிள்ளைக்கு எதுக்கும்மா வேலை? அதுவும் ஏரிக்கரையிலயா? அவனுக்கே ஏதாவது ஆயிட்டா?"

பாட்டியின் கவலை நியாயம்தான். ஆனால் பேரன் அங்கே என்ன செய்கிறான், அதற்கு என்ன பயிற்சி எடுத்திருக்கிறான் என்று தெரிந்தால் அந்தக் கவலை பாதியாகக் குறையும். இன்னொரு லாபமும் உண்டு. மே மாத லீவில் நம்ம பிள்ளைகள் தாத்தா ஊர்க் கிணற்றிலும் வாய்க்காலிலும் இறங்கும்போது அவர்களை எப்படிப் பார்த்துக்கொள்வது என்ற பாடமும் அந்த வேலைக்குள்ளேயே இருக்கிறது. எனவே அமெரிக்காவில் பேரன் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

அது என்ன கேம்ப்?

அமெரிக்காவில் பள்ளிக்கூடங்களுக்குக் கோடை விடுமுறை ரொம்ப நீளம். ஜூனில் தொடங்கி ஆகஸ்ட் கடைசி வரை இழுக்கும். அப்பா, அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீட்டில் அத்தனை நாள் பிள்ளைகளை என்ன செய்வது? அதற்காக இருப்பதுதான் 'சம்மர் கேம்ப்'.

இது நேற்று வந்த பழக்கம் இல்லை. 1861இல் கனெக்டிகட் மாநிலத்தில் ஃபிரெடரிக் வில்லியம் கன் என்ற பள்ளி ஆசிரியர், தன் மாணவர்களை நடத்தியே கூட்டிப்போய்க் கடலோரத்தில் கூடாரம் அடித்துத் தங்கவைத்தார். அதைத்தான் அந்த நாட்டின் முதல் சம்மர் கேம்ப் என்று சொல்கிறார்கள். இன்று மெய்ன், நியூயார்க், விஸ்கான்சின், மின்னசோட்டா என்று ஏரிகள் நிறைந்த மாநிலங்களில் காட்டுக்கு நடுவே ஏகப்பட்ட கேம்ப்கள். சில பிள்ளைகள் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவார்கள். சிலர் வாரக்கணக்கில் அங்கேயே தங்கிவிடுவார்கள். படகு ஓட்டுவது, மலை ஏறுவது, ராத்திரி நெருப்பு மூட்டிப் பாடுவது... எல்லாம் உண்டு. ஆனால் பிள்ளைகளுக்கு உயிர் எது என்றால் ஏரியில் குளிப்பதுதான். நடத்துகிறவர்களுக்கு வயிற்றில் புளியைக் கரைப்பதும் அதேதான்.

கேம்ப் இரண்டு மூன்று மாதம்தான் என்பதால் வேலையாட்களும் அந்த சீசனுக்கு மட்டும்தான். பெரும்பாலும் கல்லூரி மாணவர்கள். உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறவர்களும் உண்டு. வெளிநாட்டு மாணவர்கள்கூட 'ஜே-1' என்ற பரிமாற்ற விசாவில் கேம்ப் வேலைக்கு வருகிறார்கள். அவர்களில் தண்ணீர்ப் பக்கம் காவல் இருப்பவர்கள்தான் லைஃப் கார்டுகள்.

வேலைக்கு முன்னால் பரீட்சை

"எனக்கு நல்லா நீந்தத் தெரியும்" என்று சொன்னால் மட்டும் இந்த வேலை கிடைக்காது. செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்புகள் நடத்தும் பயிற்சியில் தேறிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பயிற்சியில் சேரவே குறைந்தது 15 வயசு ஆகியிருக்க வேண்டும்.

பயிற்சி தொடங்கும் முன்பே ஒரு தேர்வு வைப்பார்கள். நிறுத்தாமல் நீந்த வேண்டும். கைகளை உபயோகிக்காமல் காலை மட்டும் அசைத்து 2 நிமிடம் ஒரே இடத்தில் மிதக்க வேண்டும். அடுத்தது செங்கல் சோதனை. 20 கெஜம் நீந்திப்போய், 7 முதல் 10 அடி ஆழத்துக்கு முங்கி, அடியில் கிடக்கும் 10 பவுண்டு எடையை, அதாவது சுமார் நாலரை கிலோவை, எடுத்துக்கொண்டு மேலே வர வேண்டும். பிறகு அதை இரண்டு கையாலும் நெஞ்சில் அணைத்தபடி மல்லாந்து நீந்தித் திரும்ப வேண்டும். எல்லாம் 1 நிமிடம் 40 விநாடிக்குள்! கையில் இருப்பது செங்கல் இல்லை, ஒரு குழந்தை என்று நினைத்துப் பாருங்கள். இந்தச் சோதனை எதற்கு என்று புரிந்துவிடும்.

அதற்கப்புறம்தான் பாடம். மூழ்குகிறவரை எப்படி அணுகுவது, கழுத்தெலும்பில் அடிபட்டவரை எப்படிப் பிடிப்பது, மூச்சு நின்றுபோனால் என்ன செய்வது என்று எல்லாமும் சொல்லித்தருகிறார்கள். ஏரிக் காவலுக்குக் கூடுதல் பாடம் உண்டு. நீச்சல் குளத்தில் தரை பளிச்சென்று தெரியும். ஏரியில் முழங்கால் ஆழத்துக்குக் கீழே ஒன்றும் தெரியாமல் போகலாம் இல்லையா? சான்றிதழுக்கு ஆயுள் 2 வருஷம்தான். அது முடிந்தால் மறுபடி தேற வேண்டும்.

லைஃப் கார்ட் தோளில் ஒரு வாரை மாட்டிக்கொண்டு, மார்புக்குக் குறுக்கே சிவப்பு நிறத்தில் நீளமான மிதவை ஒன்றை வைத்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அது அலங்காரம் இல்லை. மூழ்குகிறவர் கையில் எது அகப்பட்டாலும் அதன் மேல் ஏறப் பார்ப்பார். காப்பாற்றப் போனவரின் தலையே அகப்பட்டால் அதையும் அமுக்கிவிடுவார். அதனால்தான் உடம்பைக் கொடுக்காதே, மிதவையைக் கொடு என்கிறார்கள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் நமக்கு உபயோகப்படும்.

பிள்ளைகளுக்கும் உண்டு சோதனை

பிள்ளைகள் கேம்ப்புக்கு வந்து சேர்ந்ததும் ஏரிக்குக் கூட்டிப்போய் நீச்சல் சோதனை வைப்பார்கள். "எங்க பையன் சூப்பரா நீந்துவான்" என்று அம்மா எழுதிக்கொடுத்த கடிதம் எல்லாம் செல்லாது. சாரணர் கேம்ப்களில் இந்தச் சோதனை 100 கெஜம். தலைக்கு மேல் ஆழமுள்ள தண்ணீரில் கால் முதலில் குதிக்க வேண்டும். 75 கெஜம் திடமாக நீந்த வேண்டும். மீதி 25 கெஜத்தை மல்லாந்து, அலட்டிக்கொள்ளாமல் நீந்த வேண்டும். கடைசியில் சும்மா மிதந்து காட்ட வேண்டும். மல்லாந்து மிதப்பதற்கு இவ்வளவு மதிப்பு ஏன் தெரியுமா? களைத்துப்போன பிள்ளை உயிரோடு காத்திருக்க அதுதான் வழி.

சோதனை முடிந்ததும் பிள்ளைகளை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். நீச்சல் தெரியாதவர்கள், கற்றுக்கொள்கிறவர்கள், நன்றாக நீந்துகிறவர்கள். கயிறும் மிதவையும் கட்டி ஏரியையும் அதே மாதிரி பாகம் பிரித்திருப்பார்கள். அவரவர் பாகத்தைத் தாண்டக் கூடாது.

அடுத்தது ஜோடி முறை. தனியாக ஒரு பிள்ளையும் தண்ணீரில் இறங்க முடியாது. நீச்சலில் சமமான இரண்டு பேர் ஒரு ஜோடி. ஒவ்வொருவருக்கும் பேர் எழுதிய வில்லை ஒன்று உண்டு. இறங்கும்போது கரையில் இருக்கும் பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறியதும் கழற்ற வேண்டும். யார் தண்ணீரில் இருக்கிறார்கள் என்பதைப் பலகையே சொல்லிவிடும்.

சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை விசில் அடிக்கும். உடனே ஜோடிகள் கையைக் கோத்துத் தூக்கிக் காட்ட வேண்டும். காவலர்கள் எண்ணுவார்கள். பலகைக் கணக்கும் தண்ணீர்க் கணக்கும் ஒத்துப்போனால்தான் மறுபடி ஆட்டம். "சும்மா சும்மா விசில் அடிச்சுத் தொல்லை பண்றாங்க" என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். அந்தத் தொல்லைதான் காவல்.

மூழ்குகிற பிள்ளை கத்தாது!

இப்போது சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமானது. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுப் படித்துக் காட்டுங்கள்.

சினிமாவில் மூழ்குகிறவர் எப்படி இருப்பார்? கையை வீசி "காப்பாத்துங்க... காப்பாத்துங்க" என்று அலறுவார். கதாநாயகன் குதிப்பான். நிஜத்தில் அப்படி நடப்பது அபூர்வம்.

நியூயார்க்கில் ஆர்ச்சர்டு பீச் என்ற கடற்கரையில் பல வருஷம் லைஃப் கார்டாக இருந்தவர் ஃபிராங்க் பியா. 1970களின் தொடக்கத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். கடற்கரையில் உண்மையாகவே ஆட்கள் மூழ்கத் தொடங்குவதையும் காவலர்கள் போய் மீட்பதையும் படம் எடுத்துத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். அதிலிருந்து அவர் கண்டுபிடித்துச் சொன்ன அடையாளங்களைத்தான் இன்றும் லைஃப் கார்டுகள் படிக்கிறார்கள்.

மூழ்குகிறவரால் கத்த முடியாது. வாய் தண்ணீருக்கு மேலே வருவது ஒரு கணம்தான். அந்த நேரம் மூச்சு விட்டு இழுக்கவே போதாது, கூப்பிட எங்கே நேரம்?

கையை ஆட்டிக் கூப்பிடவும் முடியாது. இரண்டு கையும் தானாகவே பக்கவாட்டில் விரிந்து தண்ணீரைக் கீழே அமுக்கும். தலையை மேலே தூக்க உடம்பு செய்கிற முயற்சி அது. அவர் நினைத்தாலும் அதை நிறுத்த முடியாது.

உடம்பு படுத்த நிலையில் இருக்காது, நட்டுக்குத்தலாக நிற்கும். கால் உதைக்காது. கண்ணுக்குத் தெரியாத ஏணியில் ஏறுகிற மாதிரி இருக்கும். தலை பின்னால் சாய்ந்து வாய் தண்ணீர் மட்டத்தில் இருக்கும். ஆள் இருந்த இடத்திலேயே இருப்பார், முன்னேற மாட்டார்.

இந்த நிலை எவ்வளவு நேரம் நீடிக்கும்? 20 விநாடியிலிருந்து 60 விநாடி வரை. அப்புறம் ஆள் உள்ளே போய்விடுவார். இரண்டு நிமிடம்கூட இல்லை, கவனியுங்கள். பக்கத்தில் நிற்கிறவருக்குப் பிள்ளை விளையாடுகிற மாதிரியே தெரியும்.

கத்திக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. நீந்தத் தெரிந்து, களைத்துப்போய்த் தத்தளிக்கிறவர்கள் அவர்கள். அவர்களுக்கும் உடனே உதவி வேண்டும்தான். ஆனால் சத்தம் வந்தால்தான் ஆபத்து என்று நினைத்துக்கொண்டிருந்தால், சத்தமே இல்லாமல் போகிற பிள்ளையை விட்டுவிடுவோம். சலசலவென்று பேசிக்கொண்டிருந்த பிள்ளை தண்ணீரில் திடீரென்று அமைதியாகிவிட்டால் உடனே திரும்பிப் பாருங்கள்.

சம்பளம் கண்ணுக்குத்தான்

லைஃப் கார்டின் நாளில் பெரும் பகுதி தண்ணீரில் கழிவதில்லை. உயரமான நாற்காலியில், பார்ப்பதில் கழிகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு பாகம். அந்தப் பாகத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, மேலேயும் அடியிலேயும், 10 விநாடிக்குள் ஒரு தடவை கண்ணால் துழாவிவிட வேண்டும். ஆபத்து தெரிந்தால் அடுத்த 20 விநாடிக்குள் அங்கே போய்ச் சேர வேண்டும். இதைப் பயிற்சியில் '10-20 விதி' என்று சொல்வார்கள். பியா சொன்ன 60 விநாடிக் கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள், விதியின் அர்த்தம் விளங்கும்.

"சும்மா உட்கார்ந்து பார்க்கறதுதானே!" என்கிறீர்களா? ஓடாமல் நிற்கிற வாய்க்கால் தண்ணீரை 10 நிமிடம் கண்ணை எடுக்காமல் பார்த்துப் பாருங்கள். மனசு எங்கெங்கோ போய்விடும். அதனால்தான் 20, 30 நிமிடத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுகிறார்கள். மாறும்போதும் ஒரு ஒழுங்கு உண்டு. புதிதாக வந்தவர் "நான் பார்க்கிறேன்" என்று பொறுப்பை வாங்கிக்கொண்ட பிறகுதான் பழையவர் கண்ணை எடுக்கலாம். நடுவில் ஒரு விநாடிகூடத் தண்ணீர் காவல் இல்லாமல் இருக்கக் கூடாது.

லைஃப் கார்ட் இருக்கும்போதே ஏன் விபத்து நடக்கிறது என்பதையும் பியா ஆராய்ந்தார். 1984இல் அவர் மூன்று காரணம் சொன்னார். ஒன்று, மூழ்குவதைப் பார்த்தும் அது மூழ்குவது என்று அடையாளம் தெரியாமல் போவது. இரண்டு, காவலின் நடுவே வேறு வேலை புகுவது. 'அந்த நாற்காலியை எடுத்துப் போடு', 'அங்கே கொஞ்சம் கூட்டிவிடு' என்று யாராவது சொல்ல, அதைச் செய்யப் போவது. மூன்று, கவனம் சிதறுவது. பேச்சு, பாட்டு, அந்தப் பக்கம் போன சிநேகிதன்... இப்போது செல்போனும் சேர்ந்துகொண்டது.

இந்த மூன்றில் ஒன்றாவது நீச்சல் தெரியாததால் வந்ததா? இல்லை. செங்கல் எடுத்துத் தேறியவரும் கண்ணை எடுத்தால் தோற்றுவிடுவார். அதனால்தான் நல்ல கேம்ப்களில் காவல் நாற்காலியில் இருப்பவரிடம் மேனேஜரே வந்தாலும் வேறு வேலை சொல்ல மாட்டார். போன் கையிலேயே இருக்காது.

விசில் பேசும் பாஷை

ஏரிக்கரையில் வாயால் கத்தினால் காதில் விழாது. விசில்தான் பேசும். ஒரு சின்ன ஊதல் என்றால் குளிக்கிறவர்களை 'இங்கே கவனி' என்று அழைப்பது. இரண்டு சின்ன ஊதல், இன்னொரு காவலரைக் கூப்பிடுவது. ஒரு நீண்ட ஊதல் கேட்டால் அவசரம். யார் தண்ணீருக்குள் போவது, யார் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்வது, யார் ஆம்புலன்ஸுக்குச் சொல்வது, யார் பிள்ளைகளைக் கரையேற்றுவது என்று முன்பே பிரித்து வைத்திருப்பார்கள். அப்போது போய் யாரும் யாரையும் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எண்ணும்போது ஒரு தலை குறைந்தால்? அதற்கும் ஒத்திகை உண்டு. ஆழமில்லாத இடத்தில் ஆட்கள் கையைக் கோத்து வரிசையாக நின்று, காலால் தரையைத் துழாவியபடி நடப்பார்கள். ஆழமான இடத்தில் காவலர்கள் வரிசையாக நின்று ஒன்றாக முங்கித் தேடுவார்கள். அதே நேரம் இன்னொருவர் கூடாரம், கழிப்பறை எல்லாம் ஓடிப் பார்ப்பார். பிள்ளை அங்கே உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து ஏரியை விட்டுவிட மாட்டார்கள். முதலில் தண்ணீர்தான்.

பாட்டிக்கு ஒரு வார்த்தை

பேரனின் உடம்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நாள் முழுக்க வெயில். தண்ணீரில் பட்டுத் திரும்பும் ஒளி தோலையும் கண்ணையும் படுத்தும். அகலமான தொப்பி, தோலுக்கு சன்ஸ்க்ரீன், கண் கூச்சத்தைக் குறைக்கும் போலரைஸ்டு கண்ணாடி மூன்றும் வேண்டும். தாகம் எடுக்கும் வரை காத்திராமல் தண்ணீர் குடிக்க வேண்டும். ராத்திரி நன்றாகத் தூங்க வேண்டும். தூக்கம் கெட்ட கண் பார்த்துக்கொண்டே இருக்கும், ஆனால் எதையும் கவனிக்காது. அடுத்த தடவை போன் பேசும்போது "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு "தூங்கினியா?" என்றும் கேளுங்கள்.

நம்ம ஊருக்கு என்ன பாடம்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு 5 வயசு நிரம்பாத பிள்ளைகள். அதே ஆண்டு ஐ.நா. சபை ஜூலை 25ஐ நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாளாக அறிவித்தது.

நம்ம வீட்டுப் பிள்ளைகள் இறங்கும் இடங்களில் லைஃப் கார்ட் கிடையாது. பம்புசெட் கிணறு, கண்மாய், வாய்க்கால், கல் குவாரியில் தேங்கிய குட்டை... அங்கே காவல் நாம்தான்.

கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போகிறோம். கிணற்றடியில் 12 பேர் நிற்கிறோம். அண்ணி பார்த்துக்குவாங்க என்று தங்கை நினைப்பாள். சித்தப்பா நிற்கிறாரே என்று அண்ணி நினைப்பார். சித்தப்பா போனில் இருப்பார். எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் யாருமே பார்க்கவில்லை என்று அர்த்தம்! கூட்டம் இருந்தும் பிள்ளை போய்விடுவது இப்படித்தான்.

இதற்குக் காசு செலவில்லாத வைத்தியம் கேம்ப்பில் இருக்கிறது. பிள்ளைகள் இறங்கும் முன் பெரியவர்களில் ஒருவரைப் பேர் சொல்லி நியமியுங்கள். அடையாளத்துக்கு ஒரு சிவப்புத் துண்டை அவர் தோளில் போடுங்கள். துண்டு தோளில் இருக்கும் வரை போன் இல்லை, அரட்டை இல்லை, வடை எடுக்கப் போவதில்லை. 15 நிமிடம் ஆனதும் அடுத்தவர். துண்டைக் கொடுக்கும்போது "தண்ணியில 4 பேர். இனி நீ பார்த்துக்கோ" என்று வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும். மது குடித்தவர் கையில் அந்தத் துண்டு போகவே கூடாது.

கூடவே இவற்றையும் பழக்கிக்கொள்ளுங்கள்:

* பிள்ளைகளை ஜோடி சேர்த்து விடுங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு தடவை கையைத் தூக்கச் சொல்லி எண்ணுங்கள்.

* 5 வயசுக்குக் கீழே இருக்கும் பிள்ளை உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கண்ணுக்கு எட்டும் தூரம் போதாது.

* லாரி டியூப், சுரைக்குடுக்கை, முதுகில் கட்டும் கேன் எல்லாம் நீச்சல் பழகத்தான். அவை காவல் ஆகாது. டியூப் நழுவும், கயிறு அவிழும்.

* முன்பின் தெரியாத தண்ணீரில் தலைகீழாகப் பாயக் கூடாது. போன வருஷம் ஆழமாக இருந்த இடம் இந்த வருஷம் மேடாகியிருக்கலாம். கழுத்து முறிந்தால் வாழ்நாள் முழுவதும் படுக்கைதான்.

* வலிப்பு நோய் உள்ள பிள்ளையைத் தனியாகக் குளிக்க விடாதீர்கள். அதற்கென்றே ஒரு பெரியவர் கூடவே இருக்க வேண்டும்.

* நடை பழகும் குழந்தைக்கு ஓரிரு அங்குலத் தண்ணீரே போதும். தலை கனம் அதிகம் என்பதால் பக்கெட்டில் எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழும், எழுந்திருக்கத் தெரியாது. பக்கெட்டையும் அண்டாவையும் உபயோகித்ததும் கவிழ்த்து வையுங்கள். சம்ப் மூடியைப் பூட்டி வையுங்கள்.

* 6 வயசு தாண்டியதும் தெரிந்தவரிடம் நீச்சல் கற்றுக்கொடுங்கள். ஆணோ பெண்ணோ, பேதம் வேண்டாம். முதலில் மல்லாந்து மிதக்கக் கற்கட்டும். வேகமும் பந்தயமும் அப்புறம்.

குதிக்காதீர்கள், வீசுங்கள்

ஒரு பிள்ளை மூழ்குவதைப் பார்த்துப் பின்னாலேயே இரண்டு பேர் குதித்து, மூன்று உயிர் போன செய்திகளைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். மிதவையோடு பயிற்சி பெற்றவரே எச்சரிக்கையோடு செய்கிற வேலை அது. வெறும் கையோடு இறங்காதீர்கள்.

கரையில் படுத்துக்கொண்டு மூங்கில் கழியை நீட்டுங்கள். கயிறு, வேட்டி, சேலை, துப்பட்டா எது கிடைத்தாலும் வீசுங்கள். மூடிய காலிக் கேனை வீசினால் பிடித்துக்கொண்டு மிதக்கலாம். 2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் இளைஞர்கள் மூழ்கியபோது, அங்கே இருந்த மூன்று பெண்கள் தாங்கள் கட்டியிருந்த சேலையையே அவிழ்த்து வீசி இரண்டு பேரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். தமிழக அரசு அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்துக் கௌரவித்தது. பயிற்சி பெற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் விதியை, சமயத்தில் சுயபுத்தியால் செய்துகாட்டியவர்கள் அவர்கள்.

கரைக்கு வந்ததும்...

தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது இரண்டும் வேண்டவே வேண்டாம். வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலில் போய் அடைக்கும். போன நேரமும் திரும்பாது. மூழ்கியவருக்கு இல்லாமல் போனது காற்று. அதைத்தான் முதலில் கொடுக்க வேண்டும்.

ஒருவர் 108க்குப் போன் போடட்டும். நீங்கள் ஆளைக் கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து, தட்டிக் கூப்பிட்டுப் பாருங்கள். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். 10 விநாடிக்கு மேல் இதற்குச் செலவிட வேண்டாம்.

மூச்சு இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், கூடவே இருங்கள். மூச்சு இல்லையென்றால் தலையைப் பின்னால் சாய்த்து மோவாயைத் தூக்குங்கள். மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து, நெஞ்சு எழும்பும் அளவுக்கு 2 தடவை ஊதுங்கள். கைக்குழந்தை என்றால் வாய், மூக்கு இரண்டையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி மெதுவாக ஊதுங்கள். பிறகு நெஞ்சின் நடுவே 30 தடவை அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம். பிள்ளைகளுக்கு சுமார் 5 செ.மீ. ஆழம், கைக்குழந்தைக்கு இரண்டு கட்டைவிரலால் சுமார் 4 செ.மீ. மறுபடி 2 ஊதல், 30 அழுத்தம். மூச்சு திரும்பும் வரை அல்லது ஆம்புலன்ஸ் வரும் வரை விடாதீர்கள். நுரை வந்தால் துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். வாந்தி வந்தால் மட்டும் பக்கவாட்டில் திருப்பித் துடைத்துவிட்டுத் தொடருங்கள்.

பிழைத்து எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். இருமல், வேகமாக மூச்சு வாங்குவது, சோர்ந்து தூங்கி விழுவது எல்லாம் நுரையீரல் பாதிக்கப்பட்டிருப்பதற்கு அடையாளமாக இருக்கலாம்.

இதைப் படித்தால் மட்டும் கை பழகிவிடாது. செஞ்சிலுவைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் முதலுதவி வகுப்பு நடத்துகின்றன. வீட்டுக்கு ஒருவராவது ஒரு நாள் ஒதுக்கிக் கற்றுக்கொண்டு வாருங்கள்.

அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது பெட்டியில் ஒரு சிவப்புத் துண்டையும் ஒரு நீளக் கயிற்றையும் எடுத்து வையுங்கள். கிணற்றடிக்குப் போனதும் முதல் 15 நிமிடக் காவல் உங்களுடையதாகவே இருக்கட்டும். நீங்கள் ஆரம்பித்து வைத்தால் மற்றவர்கள் தானாக வாங்கிக்கொள்வார்கள்.